மடிப்புக் கதவுக்கு அளவெடுக்கும் முன்...

லயத்து வீட்டில் வாழ்ந்தவர்களுக்குச் சுவர் அலமாரி பழக்கமில்லாத பொருள். கட்டிலடியில் ஒரு தகரப் பெட்டி இருக்கும். சேலை, வேட்டி, பிறப்புப் பத்திரம் எல்லாம் அதற்குள் அடக்கம். என் தாயாரும் அப்படியொரு பெட்டியோடுதான் கித்தா தோட்டத்தை விட்டுப் புந்தோங்கில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அம்மாவின் அறை சிறியது. சுவரில் 4 அடி அகலத்தில் ஒரு மாடம் இருந்தது. அதை அலமாரியாக்கிக் கதவு போட எண்ணினோம். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே 15 அங்குலம்தான் இடம். சாதாரண இரட்டைக் கதவானால் ஒவ்வொன்றும் 2 அடி, கட்டிலில் முட்டும். நான்கு பலகையாக மடியும் கதவோ ஏறக்குறைய ஓரடிதான் முன்னே வரும். ஆகவே அதையே செய்யச் சொன்னோம்.

அளவெடுத்தவன் நான். தோள் உயரத்தில் ஒரே முறை நாடாவைப் பிடித்து, "நாலடி" என்று ஆசாரியிடம் சொல்லிவிட்டேன். கதவு வந்தது. மேலே பொருந்தியது, கீழே மூட மறுத்தது. அங்கே ஒன்றே கால் அங்குலம் குறைவு!

"கதவில் குற்றமில்லை அண்ணே, சுவர்தான் கோணல்" என்றார் ஆசாரி. ஓரத்தை இழைத்துப் பார்த்தார். உள்ளே கூடான ஒட்டுப்பலகைக் கதவாதலால், கூடு வெளியே தெரிந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சேலைகளை எடுத்துப் பழையபடி தகரப் பெட்டியிலேயே அடுக்கினார். பணம் போனதைவிட அதுதான் எனக்கு வலித்தது.

வாசகர்களே, அந்தத் தவறு உங்களுக்கு வேண்டாம். தரைக்குக் கல் பதிப்பதானால் முதலில் பதித்துவிடுங்கள். பிறகு பதித்தால் கதவு தரையில் உரசும். அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில் அளந்து, குறைந்த அளவையே கணக்கில் கொள்ளுங்கள். உயரத்தையும் இடம், நடு, வலம் என அவ்வாறே அளக்க வேண்டும். பின்பு மூலைக்கு மூலை குறுக்காக இரண்டு அளவு எடுங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் மாடம் சாய்ந்திருக்கிறது என்று பொருள். தூக்குக்குண்டும் ரசமட்டமும் எந்தப் பக்கம் கோணல் என்று காட்டிவிடும்.

கோணலுக்கேற்பக் கதவை வெட்டக் கூடாது. மாடத்தைச் சுற்றி மரச்சட்டம் அடித்து, பின்னால் ஆப்பு வைத்து நேராக்கி, அந்தச் சட்டத்துக்குள் மறுபடியும் அளக்க வேண்டும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டின் எடை, அளவைச் சட்டம் மெட்ரிக் முறைக்கு வழி செய்தது. ஆனாலும் பட்டறையில் அடிக்கணக்கும் கடையில் மில்லிமீட்டரும் கலந்தே வருகின்றன. 4 அடி என்பது 1200 மில்லிமீட்டர் அன்று; 1219. சட்டத்துக்குள் சரியாக 4 அடி இருந்தால் 300 மில்லிமீட்டர் பலகை நான்கு போதும். மீதி 19-ஐ வீணென்று எண்ண வேண்டாம். இரு ஓரத்திலும் ஐந்தைந்து, பலகைகளின் நடுவேயுள்ள மூன்று இணைப்புக்கும் மும்மூன்று; கணக்கு சரியாகிவிடும். ஈரக்காற்றில் மரம் ஊதும் நம் ஊரில் இந்த இடைவெளி மிக அவசியம்.

உயரத்தில் எவ்வளவு விடுவது? கதவு ஓடும் மேல்தடத்தையும் சக்கரத்தையும் முதலில் வாங்கி, அதன் குறிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உள்ளே இழுப்பறை வைப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: பலகை ஓர் அங்குலக் கனமானால், மடிந்த கதவே இரு பக்கமும் சேர்த்துக் குறைந்தது 4 அங்குலத்தை அடைத்துக்கொள்ளும். இழுப்பறை அதற்குள் அடங்க வேண்டும்.

இரண்டாம் முறை இப்படித்தான் அளந்தோம். இப்போது அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் கதவைத் தள்ளித் திறக்கிறார். தகரப் பெட்டி இன்னும் கட்டிலடியில்தான் இருக்கிறது. ஆனால் சேலைகள் அதில் இல்லை.

கூடுதலாக இருக்கும் பலகையை இழைக்கலாம். குறைந்ததை வளர்க்க முடியாது. ஆகவே, நாடாவை இன்னும் இரண்டு முறை பிடிக்கச் சோம்பல் படாதீர்கள்!