மைக் ஒரு பிள்ளைக்கு மட்டும்தானா?

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்" என்பார்கள். சரி. அப்படியானால் வாயில்லாப் பூச்சி பிழைக்க வேண்டாமா?

வடசென்னையில் ஒரு தொடக்கப் பள்ளி. ஆண்டு விழா. ஒரு சிறுமி மேடை ஏறினாள். வரவேற்புரையை வெளுத்து வாங்கினாள். ஒரே கைதட்டல்! அப்புறம் திருக்குறள் சொல்ல வந்ததும் அவள்தான். காமராஜரைப் பற்றிப் பேசியதும் அவள்தான். நன்றியுரையும் அவளேதான்!

கெட்டிக்காரச் சிறுமி. அவள் மேல் குற்றம் இல்லை. ஆனால் மற்ற பிள்ளைகள்?

கடைசி வரிசையில் ஒரு பையன் இருந்தான். நாலாம் வகுப்பு. "நீ ஏம்பா பேசலை?" என்று கேட்டேன்.

"நான் பேசினா எல்லாரும் சிரிப்பாங்க சார்" என்றான். திக்கித் திக்கித்தான் வார்த்தை வந்தது. இதைச் சொல்ல அவனுக்கு அரை நிமிடம் ஆயிற்று. ஆனால், சொல்லி முடித்தான்!

தட்டில் சமம், பேச்சில்?

1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட்ட ஊர் இது. 1956-ல் காமராஜர் ஆட்சியில் மதிய உணவு. 1982-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு. 2022-ல் காலைச் சிற்றுண்டியும் வந்துவிட்டது. என்ன சாதி, என்ன மதம் என்று கேட்காமல் எல்லாப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

சோற்றில் சமபந்தி வந்துவிட்டது. பேச்சில் வரவில்லையே!

"இஸ்துகினு போனாங்க" என்று ஒரு பிள்ளை சொன்னால் வகுப்பே சிரிக்கிறது. அது அந்தப் பிள்ளையின் அம்மா பேசும் பேச்சு. அதைக் கிண்டல் செய்தால் அப்புறம் அது வாயே திறக்காது. முதலில் பேசட்டும். ஏட்டுத் தமிழைப் பிறகு பொறுமையாகச் சொல்லிக் கொடுக்கலாம்.

பீகாரில் இருந்தும் ஒடிசாவில் இருந்தும் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். தங்கள் மொழியில் ஒரு வரி, தமிழில் ஒரு வரி சொல்லட்டுமே!

காது கேளாத பிள்ளை சைகையில் சொல்லட்டும். பக்கத்துப் பிள்ளை அதை வாயால் சொல்லட்டும். மாற்றுத் திறனாளிப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டுச் சட்டம். பக்கத்தில் உட்கார வைத்தால் மட்டும் போதுமா?

தினம் 3 நிமிடம்

"பாடம் முடிக்கவே நேரம் போதலை சார்" என்பார்கள் ஆசிரியர்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி 1 முதல் 5-ம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாட்கள். வகுப்பில் 30 பிள்ளைகள் என்று வையுங்கள். தினம் 3 பேர். ஆளுக்கு 1 நிமிடம். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி கூப்பிட்டால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆண்டுக்கு 20 முறை பேச வாய்ப்பு! 5 ஆண்டில் 100 முறை!

மனப்பாடப் பேச்சு வேண்டாம். "நேத்து எங்க தெருவுல என்ன நடந்துச்சு", "எங்க அப்பா என்ன வேலை பார்க்கிறார்", இது போதும்.

சட்டம் மூன்றே மூன்று. யாரும் சிரிக்கக் கூடாது. குறுக்கே பேசக் கூடாது. திக்கும் பிள்ளையின் வார்த்தையை மற்றவர் முடித்து வைக்கக் கூடாது.

பேசுகிற பிள்ளைக்குத் தைரியம் வரும். கேட்கிற பிள்ளைக்கு அடுத்தவனை மதிக்கும் குணம் வரும். இரண்டாவதுதான் பெரிய படிப்பு!

மீதிச் சில்லறையைக் கேட்கக் கூச்சப்பட்டுப் பஸ்ஸை விட்டு இறங்கிப் போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ரேஷன் கடையில் எடை குறைந்தாலும் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு போகிறவரைப் பார்த்திருப்பீர்கள். ஆபீசில் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு தூணோரம் நிற்கிறவரைப் பார்த்திருப்பீர்கள். அவர்களில் எத்தனை பேர் பள்ளியில் கடைசி வரிசையோ!

இனி ஆண்டு விழாவுக்குப் போகும் பெற்றோர்கள், "யார் நன்றாகப் பேசினார்கள்?" என்று கேட்க வேண்டாம். "எத்தனை பேர் பேசினார்கள்?" என்று கேளுங்கள்.

அந்தப் பையனுக்குத் தேவைப்பட்டது அரை நிமிடம். அந்த அரை நிமிடம் காத்திருக்க நமக்குப் பொறுமை இல்லையா?