காருக்கும் ஒரு தன்பதிவேடு

"மாத்திப் பாப்போம் சார்."

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோரும் இந்த மூன்று வார்த்தைகளைக் கேட்டிருப்பீர்கள். பானெட்டைத் தூக்கியதும் மெக்கானிக் சொல்லும் முதல் வாக்கியமே இதுதான். நானும் பல வருஷம் தலையாட்டியவன். இப்போது ஆட்டுவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

என் கார் 1984 அம்பாசிடர், மார்க் 4, பெட்ரோல் வண்டி. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டைத் தழுவி 1958-ல் வந்த வண்டி, பெரிய மாற்றம் இல்லாமல் 2014 மே மாதம் வரை வங்காளத்தில் உள்ள உத்தர்பாரா தொழிற்சாலையில் உருவாகிக்கொண்டிருந்தது. இதே கம்பெனி 1998-ல் நம் திருவள்ளூர்ப் பக்கம் அதிகத்தூரில் தொழிற்சாலை போட்டது. ஆனால் அங்கிருந்து வந்தது மிட்சுபிஷி லான்சர். அம்பாசிடர் கடைசிவரை வங்காளத்துப் பிள்ளைதான்.

அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே மாதிரி இருந்த வண்டி என்பதால், யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கழற்றி எதை வேண்டுமானாலும் மாட்டினார்கள். பெட்ரோல் வண்டிக்கு டீசல் எஞ்சின், பழைய வண்டிக்குப் புது கியர்பாக்ஸ் என்று எல்லாம் நடந்தது. என் வண்டியும் எனக்கு முன் மூன்று கைகள் மாறியது. டைனமோ இருந்த இடத்தில் ஆல்டர்னேட்டர், முகப்பு விளக்கில் 100 வாட் பல்பு, இரண்டு ஜோடி ஹாரன், எங்கிருந்து எங்கே போகிறது என்று தெரியாத ஒரு கைப்பிடி ஒயர். ஒரு துண்டுச்சீட்டு கூடக் கிடையாது.

வியாதி என்னவென்றால், காலையில் அருமையாகக் கிளம்பும். கனகம்மாசத்திரத்திலிருந்து திருப்பதி ரோட்டில் அரை மணி நேரம் ஓடும். திருத்தணி மலைப்பாதையில் ஏறும்போது இருமி, முனகி, நின்றுவிடும். ஒரு கிருத்திகையன்று சம்பந்தி அம்மாளைப் பின்சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு நடுப்பாதையில் நின்றேன். பின்னால் வந்த வேன்காரர் "பெரியவரே, ஓரம் கட்டுங்க" என்று கத்தினார். ஓரம் கட்டவே நாலு பேர் தள்ள வேண்டியிருந்தது.

நம் தலைமுறைக்கு இதற்கு ஒரு கைவைத்தியம் தெரியும். சூட்டில் பெட்ரோல் ஆவியாகிக் குழாயை அடைத்துக்கொள்ளும்; பெட்ரோல் பம்பின்மேல் ஈரத்துணியைப் போடு. அந்தக் காலத்தில் திருப்பதி மலை ஏறிய டிரைவர்கள் எல்லோரும் செய்தது. நானும் சம்பந்தி அம்மாளின் தண்ணீர் பாட்டிலை வாங்கித் துணியை நனைத்துப் போட்டேன். இருபது நிமிஷத்தில் வண்டி கிளம்பிவிட்டது! அன்றிலிருந்து டிக்கியில் எப்போதும் ஒரு துணியும் ஒரு குடம் தண்ணீரும்.

துணி வேலை செய்ததால், பம்புதான் குற்றவாளி என்று முடிவு கட்டினோம். புதுப் பம்பு மாற்றினோம். சரியாகவில்லை. கார்பரேட்டரைப் பிரித்து கிட் மாற்றினோம். சரியாகவில்லை. பாயிண்ட், கண்டென்சர் இரண்டு தடவை மாற்றினோம். சில நாள் நன்றாக ஓடி மறுபடி நின்றது. ஒன்றரை வருஷத்தில் பதினோராயிரம் ரூபாய் போனது. பழைய பாகங்கள் எல்லாம் எடைக்குப் போனதால், எது நல்லது, எது கெட்டது என்று திரும்பிப் பார்க்கவும் வழியில்லை.

கடைசியில் நானே உட்கார்ந்தேன். நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். எங்கள் வாத்தியார் தெக்கார்த்தைச் சொல்லாமல் எந்தப் பாடத்தையும் முடிக்க மாட்டார். 1637-ல் அவர் எழுதிய நூலின் சாரம் இதுதான்: தெளிவாகத் தெரியாததை உண்மை என்று ஏற்காதே, சிக்கலைத் துண்டு துண்டாகப் பிரி, எளிதானதிலிருந்து தொடங்கு, எதுவும் விட்டுப்போகாமல் பட்டியல் எழுது. வேலையில் சேர்ந்த பிறகு அதையெல்லாம் மறந்திருந்தேன். அறுபதுக்கு மேல் ஒரு கார் ஞாபகப்படுத்தியது.

பெட்ரோல் எஞ்சின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோல், காற்று, நெருப்புப் பொறி. ஓடும் வண்டி திடீரென்று நிற்கிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இரண்டு. பெட்ரோல் வருகிறதா? பொறி வருகிறதா? அந்தக் கேள்வியை ஒன்றரை வருஷமாக யாருமே கேட்கவில்லை.

ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கை டேஷ்போர்டு பெட்டியில் போட்டுக்கொண்டு, வண்டி நிற்கட்டும் என்றே ஒரு மத்தியானம் கிளம்பினேன். நின்றது. பிளக் ஒயர் ஒன்றைக் கழற்றி, கையிலிருந்த பிளக்கில் மாட்டி, கார்பரேட்டரை விட்டுத் தள்ளி எஞ்சின் இரும்பில் படும்படி வைத்து, கூட வந்த பையனை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொன்னேன். பொறி இல்லை. ஆக, பெட்ரோல் பேச்சே வேண்டாம். பம்பும் கார்பரேட்டரும் நிரபராதிகள்.

இக்னிஷன் காயிலைத் தொட்டேன். விரலை வைக்க முடியவில்லை. அன்று நான் துணி போடவில்லை. பம்பைத் தொடவும் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்தேன். இருபது நிமிஷத்தில் வண்டி கிளம்பியது.

அப்போதுதான் புரிந்தது. வண்டியைக் கிளப்பியது ஈரத்துணி இல்லை, நாங்கள் காத்திருந்த இருபது நிமிஷம். துணி பம்பின்மேல் கிடந்தபோது காயில் தானாக ஆறிக்கொண்டிருந்தது. மருந்து கொடுத்தோம், காய்ச்சல் இறங்கியது, அதனால் மருந்துதான் காரணம் என்று நினைப்பது எவ்வளவு சுலபம்!

வீட்டுக்கு வந்து காயிலின் இரண்டு சின்ன ஒயர்களையும் கழற்றி மல்டிமீட்டர் வைத்தேன். ஒன்றரை ஓம் காட்டியது. இந்த வண்டியில் இருக்க வேண்டியது சுமார் மூன்று ஓம் காயில். ஒன்றரை ஓம் காயிலுக்குக் கரண்டைக் குறைக்கத் தனியாக ஒரு ரெசிஸ்டர் வேண்டும், அல்லது எலக்ட்ரானிக் இக்னிஷன் வேண்டும். என் வண்டியில் இரண்டும் இல்லை. 12 வோல்ட்டில் நாலு ஆம்பியர் இழுக்க வேண்டிய இடத்தில் எட்டு ஆம்பியர். காயில் கொதிக்காமல் என்ன செய்யும்? புதுப் பாயிண்ட் அடிக்கடி கருகியதற்கும் அதுதான் காரணம்.

அந்தக் காயில் எப்படி வந்தது? முன்பு வைத்திருந்தவரிடம் போனில் கேட்டேன். அவருக்கு முன்னால் இருந்தவர் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருக்கிறார். அது கெட்டதும் இவர் பழையபடி பாயிண்டுக்கே திரும்பியிருக்கிறார். காயிலை மட்டும் யாரும் திரும்ப மாற்றவில்லை. ஒருவர் செய்த மாற்றம் தப்பில்லை. இன்னொருவர் அதை நீக்கியதும் தப்பில்லை. இரண்டையும் எழுதி வைக்காததுதான் தப்பு.

புதுப்பேட்டையில் சரியான காயில் வாங்கி மாட்டினேன். அதற்குப் பிறகு மலைப்பாதையில் ஒரு தடவையும் நிற்கவில்லை.

இதில் மெக்கானிக்குகளைத் திட்டுவது நியாயமில்லை. அவர்களில் ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார்: "ஒரு மணி நேரம் நின்னு கண்டுபுடிச்சா, ஒண்ணுமே மாத்தலியே, எதுக்குக் காசுன்னு கேப்பீங்க சார்." உண்மைதானே! புதுப் பாகத்தின் டப்பாவைக் காட்டினால் ஆயிரம் ரூபாய் எடுத்து நீட்டுகிறோம். யோசித்ததற்கு இருநூறு கேட்டால் முகத்தைச் சுளிக்கிறோம். அவர்களை மாத்திப் பார்க்க வைத்தவர்கள் நாம்தான். இப்போதெல்லாம் நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: "எதையும் மாத்தாதேப்பா. என்னன்னு கண்டுபுடி, அதுக்குத் தனியா கூலி." வேலை செய்கிற விதமே மாறிவிடுகிறது.

காயில் தந்த தைரியத்தில் விளக்குப் பக்கம் போனேன். வயிற்றைக் கலக்கியது. 60 வாட் போக வேண்டிய இடத்தில் 100 வாட் பல்பு இரண்டு. சேர்த்துப் பதினாறு ஆம்பியருக்கு மேல். அவ்வளவும் பழைய மெல்லிய ஒயரிலும் சுவிட்சிலும் போகிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒயரின் மேல்தோல் பழுப்பேறி நொறுங்கியது. இன்னும் சில மாதம் விட்டிருந்தால் பேத்தியோடு ராத்திரி வரும்போது வண்டிக்குள் தீ பிடித்திருக்கும். நின்றுபோகும் வண்டி மானத்தைத்தான் வாங்கும். இது உயிரை வாங்கக்கூடியது. இதை ஒருவரும் கவனிக்கவில்லை, ஏனென்றால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பேட்டரியில் 12.4 வோல்ட் இருந்தது. பல்பு முனையில் 10.6. மீதி ஒயரைச் சூடாக்கப் போனது. 60 வாட் பல்புக்கே திரும்பினேன். பேட்டரியிலிருந்து தடித்த ஒயர் இழுத்து, ஃபியூஸும் ரிலேயும் வைத்தேன். இப்போது பழைய 100 வாட்டைவிட வெளிச்சம் தெளிவாக இருக்கிறது. வண்டியை மேம்படுத்துவது என்றால் எனக்கு இதுதான்: முதலில் அதன் சொந்த நிலைக்குக் கொண்டு வா, பிறகு எது குறைகிறது என்று பார்.

இன்னொன்று. இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். பழைய வண்டியின் ரப்பர் குழாய்களுக்கும் பம்பு டயாஃப்ரத்துக்கும் அது ஒத்துக்கொள்ளாது. குழாயை விரலால் அழுத்திப் பாருங்கள். கொழகொழத்தாலும் வெடித்திருந்தாலும் உடனே மாற்றுங்கள். இது ஒன்றில் காத்திருக்க வேண்டாம். எஞ்சினையே மாற்றியவர்கள் ஆர்.சி.யில் அது ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கிறது.

அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தன்பதிவேடு என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வந்த தபால், எடுத்த நடவடிக்கை, முடிந்த தேதி. ஒரு கிளார்க் மாற்றலாகிப் போனாலும் அடுத்து வருபவர் அதைப் பிரித்தால் போதும். என் காருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அப்படி ஒன்று எழுதுகிறேன். தேதி, கிலோமீட்டர், என்ன கோளாறு, எதைக் கழற்றினேன், எதை மாட்டினேன், ஏன், பலன் என்ன. ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவேன். கழற்றிய பாகம் ஒரு மாதம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கும். அதற்குப் பிறகுதான் எடைக்கு.

இந்த வண்டி என்னோடு முடியப்போவதில்லை. நாளைக்கு யார் கைக்குப் போனாலும் சாவியோடு அந்த நோட்டும் போகும். அவர் என்ன வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளட்டும். அடுத்த வரியில் எழுதிவிட்டு மாற்றட்டும்.