துடுப்புக்கு முன் தகுதி

அல்சூர் ஏரியில் படகுகளைக் காணும் பெங்களூரு மாணவர்க்குத் துடுப்புப் பிடிக்கும் ஆசை எழுவது இயல்பே. அவ்வாசை தவறன்று, ஆயத்தமின்றி நீரில் இறங்குவதே தவறு.

2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காட்டில் பள்ளிச் சுற்றுலாப் படகு மூழ்கி 15 மாணவர்களும் 3 ஆசிரியர்களும் மாண்டனர். 2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் 12 மாணவர்களும் 2 ஆசிரியர்களும் உயிரிழந்தனர். இரு படகுகளிலும் அளவுக்கு மீறி ஆள்கள் ஏற்றப்பட்டிருந்தனர். ஆசிரியர்கள் உடனிருந்தும் காக்க இயலவில்லை. பரிவு மட்டும் போதாது என்பதே இவை தரும் பாடம்.

விபத்துக்கு அஞ்சி இத்தகைய பயணங்களையே தடை செய்யலாம் என்பர் சிலர். நீரை அறியாத பிள்ளைக்கு நீர் என்றும் பகையே. ஆதலின், தடையினும் தகுதிச் சான்றே நல்வழி. குழுவை அழைத்துச் செல்பவர் நீச்சல், மீட்பு, முதலுதவி ஆகியவற்றைச் செய்துகாட்டிச் சான்று பெறவேண்டும். ஆள்களை எண்ணி, ஒவ்வொருவரின் உயிர்காப்பு அங்கியையும் இழுத்துப் பார்த்த பின்னரே படகு கரையைவிட்டு நகரவேண்டும். ஓர் அங்கி குறைந்தாலும் "இன்று வேண்டா" என மறுக்கும் உரிமை அவருக்கு இருத்தல் வேண்டும். பிள்ளைகளின் ஏமாற்றம் மறுநாளே மறையும். இழந்த உயிர் மீளாது.