மாரி யாருடைய பக்கம்?

"மழை இரு பக்கத்துக்கும் பொது" என்றொரு வாசகம் நம்முடைய மைதானங்களிலே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தோற்றால் வெளியேற வேண்டிய ஓர் ஆட்டத்தில், முழங்காலளவு சேற்றில் விழுந்தெழுந்து தோற்றுத் திரும்பும் இளைஞர்களுக்கு ஆறுதல் கூறுவது போல இதனைக் கூறுவார்கள். கேட்பதற்கு நீதியான சொல்லாகவே இது ஒலிக்கும். வானம் ஒன்று, மழை ஒன்று, பந்தும் ஒன்று, பிறகு முறைப்பாடு எதற்கு? இந்தச் சொல்லில் அடங்கியுள்ள அநீதியை அம்பலப்படுத்துவதே நம்முடைய நோக்கம். மழை பொதுவாக இருக்கலாம், மைதானம் பொதுவன்று. சப்பாத்துப் பொதுவன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நாளில் எந்த இடத்தில் ஆடுவது என்று தீர்மானிக்கும் அதிகாரம் பொதுவன்று.

உதைபந்தாட்டத்தில் மழை என்ன செய்கிறது என்பதை முதலிலே விளங்கிக்கொள்வோம். நீர் தேங்கிய தரையில் உருளும் பந்து பாதி வழியிலே நின்றுவிடுகிறது. மேலிருந்து விழும் பந்து துள்ளுவதில்லை. நீர் தேங்காத ஈரப் புல்லிலோ, அதே பந்து வழுக்கிக்கொண்டு எதிர்பாராத வேகத்தில் ஓடுகிறது. ஆகவே கால் விட்டுக் கால் மாற்றி, தரையோடு தரையாகப் பந்தைக் கடத்தி ஆடுகின்ற குழுவின் கலை முழுவதும் ஒரு மணி நேர மழையிலே கரைந்துபோகிறது. உயரத் தூக்கி அடித்து, உடல் வலுவால் மோதிப் பெறுகின்ற ஆட்டமே எஞ்சுகிறது. களிமண் சப்பாத்தில் அப்பிக் காலைக் கனக்கச் செய்கிறது. பந்துக்காப்பாளரின் கையிலிருந்து பந்து நழுவுகிறது. நனைந்த உடலில் வாடைக்காற்றுப் படும்போது தசை இறுகுகிறது. இறுகிய தசையோடு வழுக்கும் தரையில் திரும்புகிறவன் முழங்காலை முறித்துக்கொள்கிறான். நம்முடைய கீழ்க்கரையிலே பனி பெய்வதில்லை என்பது மெய்தான். ஆயினும் மாரிக்குளிரில் நனைந்து நின்றவர்களுக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை.

இவை இரு குழுவுக்கும் பொதுவான துன்பங்கள் அல்லவா என்று கேட்பார்கள். வரலாற்றையே சாட்சிக்கு அழைப்போம்.

1954ஆம் ஆண்டு யூலை 4ஆம் நாள், சுவிட்சர்லாந்தின் பேர்ண் நகரில் உலகக்கிண்ண இறுதியாட்டம் நடந்தது. நான்கு ஆண்டுகளாகத் தோல்வி காணாத ஹங்கேரியக் குழு ஒருபுறம். அதே போட்டியின் முதற் சுற்றில் அவர்களிடம் 8-3 என்று தோற்றிருந்த மேற்கு ஜேர்மனி மறுபுறம். எட்டு நிமிடங்களுக்குள் ஹங்கேரி இரண்டு கோல்களைப் போட்டுவிட்டது. இறுதியில் 3-2 என்று ஜேர்மனி வென்றது. அன்று மழை பெய்தது. இரு குழுவின் மீதும் ஒரே மழைதான் பெய்தது. ஆனால் ஜேர்மானியர் அணிந்திருந்த சப்பாத்துகளின் அடியிலே திருகி மாற்றக்கூடிய குமிழ்கள் இருந்தன. சேற்றுக்கு ஏற்ற நீளமான குமிழ்களை அவர்கள் பொருத்திக்கொண்டார்கள். அடோல்ஃப் டாஸ்லர் என்ற சப்பாத்துத் தொழிலதிபர் அக்குழுவுடனேயே சென்றிருந்தார். சப்பாத்து மட்டுமே உலகக்கிண்ணத்தை வென்றது என்று நாம் கூறவில்லை. புஸ்காஸ் காயத்தோடு ஆடினார். ஜேர்மானியரும் தளராமல் ஆடினார்கள். நாம் கூறுவது இதுதான்: மழை பெய்த அந்தக் கணத்திலேயே, கருவி உள்ளவனுக்கும் இல்லாதவனுக்கும் இடையில் இருந்த வேறுபாடு மைதானத்தின் நடுவே வந்து நின்றுவிட்டது.

இருபது ஆண்டுகள் கழித்து, 1974 யூலை 3ஆம் நாள், பிராங்பேர்ட் நகரில் மேற்கு ஜேர்மனியும் போலந்தும் மோதின. வென்றவர் இறுதியாட்டத்துக்குச் செல்வர் என்ற நிலை. பெருமழை பெய்து மைதானம் குளமாயிற்று. தீயணைப்புப் படையினர் குழாய்களைக் கொண்டுவந்து நீரை இறைத்தார்கள். ஆட்டம் தாமதித்தே தொடங்கியது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஜேர்மனிக்குச் சமநிலையே போதுமானதாக இருந்தது. போலந்தோ வென்றே தீரவேண்டியிருந்தது. பந்து ஓடாத மைதானத்தில் கோல் போடுவது அரிது. ஆகவே கோல் தேவைப்படாதவனுக்கு அந்தச் சேறு துணை. கோல் தேவைப்படுகிறவனுக்கு அதுவே பகை. ஓரங்களில் விரைந்தோடி ஆடிய போலந்தின் வேகம் நீரில் அமிழ்ந்தது. கேட் மியூலர் போட்ட ஒரே கோலினால் ஜேர்மனி வென்றது. மழை இருவருக்கும் பொதுவாகவே பெய்தது. அதன் பயன் ஒருவருக்கே சென்றது.

இன்னொரு சாட்சியமும் உண்டு. 2013 மார்ச் 22ஆம் நாள், உலகக்கிண்ணத் தகுதிகாண் ஆட்டமொன்றுக்கு அமெரிக்கா கொஸ்ரா ரிக்காவை அழைத்தது. கொஸ்ரா ரிக்கா வெப்பநாடு. அழைத்த இடமோ கொலராடோ மாநிலம். பனி கொட்டியது, மைதானத்தின் கோடுகளை மண்வாரியால் வழித்துக் காட்டவேண்டியிருந்தது. 1-0 என்று அமெரிக்கா வென்றது. கொஸ்ரா ரிக்கா முறையிட்டபோது, விதிகள் கேட்கும் முறைப்படி முறைப்பாடு செய்யப்படவில்லை என்று கூறி சர்வதேசச் சம்மேளனம் அதனைத் தள்ளிவிட்டது. அதே ஆண்டு செப்டெம்பரில் தன் சொந்த மண்ணில் கொஸ்ரா ரிக்கா 3-1 என்று அமெரிக்காவை வென்றது. பனி எவருக்கும் பகையன்று. ஆனால் பனி பெய்யக்கூடிய இடத்தைத் தெரிவு செய்யும் உரிமை ஒரு கையிலே இருந்தது. நண்பர்களே, பிரச்சினையின் வேர் வானத்தில் இல்லை. அந்தக் கையிலேதான் இருக்கிறது.

இனி நம்முடைய கீழ்க்கரைக்கு வருவோம்.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், மகாவலியின் கடைக்கோடிச் சமவெளியில் இருக்கிறது கிளிவெட்டி. வயலும் குளமும் வாய்க்காலும் சூழ்ந்த ஊர். மத்திய மலைநாட்டிலே பிறந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, இந்தப் பக்கத்திலேதான் கிளைபிரிந்து கடலைச் சேர்கிறது. ஆகவே இங்குள்ள மைதானத்துக்கு இரண்டு மழை உண்டு: ஒன்று தன் தலைமேல் பெய்வது, மற்றது மலையிலே பெய்து, ஆறாக வந்து சேர்வது. இங்கே வானம் வெளுத்து வெயில் எறித்த பின்னரும் வெள்ளம் ஏறிவரும். "மழை விட்டுவிட்டதே, ஆடினால் என்ன?" என்று நகரத்திலிருந்து கேட்பவருக்கு இந்த இரண்டாவது மழை தெரியாது.

இலங்கை சிறிய தீவுதான்; ஆனால் அதற்கு இரண்டு மழைக்காலங்கள். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று கொழும்பையும் தென்மேற்கையும் நனைக்கிறது. அப்போது திருகோணமலை காய்ந்து கிடக்கிறது. டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ் பருவக்காற்று நம்மை நனைக்கிறது. அப்போது கொழும்பிலே மழை குறைவு. அதற்கு முந்திய ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலோ வங்கக் கடலில் தாழமுக்கங்களும் சூறாவளிகளும் உருவாகின்றன. 1964 டிசம்பரில் திருகோணமலைப் பக்கமாக வந்து தனுஷ்கோடியை அழித்த சூறாவளியும், 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளியும், 2025 நவம்பர் இறுதியில் நாடெங்கும் 600க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட டிட்வா சூறாவளியும் மாரிக்காலத்திலேயே வந்தவை. டிட்வாவின்போது மகாவலி பெருகி மூதூர், வெருகல் தாழ்நிலங்களை மூடியது.

இத்தகைய தீவிலே, ஒரே நாட்காட்டியை மேசைமேல் விரித்து, "விலகல் முறை ஆட்டங்கள் இன்ன வாரத்தில்" என்று கோடு போடுவது எப்படி நடுநிலையாகும்? டிசம்பர் வாரம் ஒருவனுக்குப் பயிற்சிக்காலம், மற்றவனுக்கு வெள்ளக்காலம். லீக் முறையில் ஒரு நாள் தோற்றவன் மறுநாள் ஈடுசெய்யலாம். விலகல் முறையிலோ ஒரு மாலை மழை, ஓராண்டு உழைப்பை அடித்துச் சென்றுவிடும். நாட்காட்டியில் இடப்படும் கோடு, ஆட்டம் தொடங்குமுன்னரே போடப்படும் ஒரு கோல் என்போம்.

நாட்காட்டி தவறவிடுவது மழையை மட்டுமன்று. உழைப்பையும் அது காண்பதில்லை. நம்முடைய பெரும்போகம் மாரியோடு தொடங்குகிறது. விதைப்பும், களையும், வரம்பு காப்பதும் ஒக்டோபரிலிருந்தே வீட்டிலுள்ள ஒவ்வொரு கையையும் கேட்கின்றன. நகரத்துச் சிறுவன் இறுதிப் பயிற்சியில் நிற்கும் வேளையிலே, கிராமத்துச் சிறுவன் தகப்பனோடு வயலிலே நிற்கிறான். வெள்ளம் வந்தாலோ, பாடசாலையே அகதி முகாம் ஆகிறது. அதன் விளையாட்டுத் திடல் சமையற்கூடமும் நீர்த்தாங்கி நிற்கும் இடமும் ஆகிறது. கிளிவெட்டிக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 2006இல் போரினால் சம்பூரிலிருந்து துரத்தப்பட்ட மக்கள், 2015, 2016ஆம் ஆண்டுகளில் காணிகள் மீளக் கிடைக்கும் வரை, இங்கிருந்த இடைத்தங்கல் முகாமிலும் பிற முகாம்களிலும் பல மாரிகளைக் கழித்தார்கள். ஆடுவதற்கென்று ஓர் அங்குல நிலமும் சொந்தமில்லாமல் ஒரு தலைமுறையின் பிள்ளைப்பருவம் கடந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை, அந்தத் துறையைப் பாதையிலேறியே கடக்கவேண்டியிருந்தது. மூதூரிலிருந்து நகரத்துக்குக் கடல்வழி லாஞ்சியே போக்குவரத்தாயிருந்தது. மாரிக்கடல் கொந்தளிக்கும் நாளில் மைதானத்தை அடைவதே ஓர் ஆட்டம். இத்தனையையும் தாண்டி வந்தவனைப் பார்த்து "மழை பொது" என்று சொல்வது எத்தனை கொடுமை!

நம்மை மறுப்போர் இரு வகையினர்.

முதலாம் வகையினர் சேற்றைப் புகழ்வோர். "சேற்றிலே பிறந்தவன் சேற்றிலே சிறப்பாக ஆடுவான், வறுமையே அவனுக்கு வலிமை" என்று இவர்கள் உருகுவர். இலக்கியத்திலும் இந்த இனத்தாரை நாம் அறிவோம். குடிசையின் ஒழுக்கை அழகென்று வருணிப்பவர்கள், ஒழுகாத கூரையின் கீழிருந்தே அதனை எழுதுவார்கள். சேற்றிலே ஓடப் பழகியவன் ஓரிரு ஆட்டங்களை வெல்லக்கூடும்; ஆனால் பந்தை நுட்பமாகக் கடத்தும் பயிற்சியை, உலர்ந்த சமதரையன்றி வேறெங்கும் அவன் பெறமுடியாது. இல்லாமையைப் பண்பாகப் போற்றுவது, அந்த இல்லாமை நீடிப்பதற்கு உடன்படுவதே ஆகும்.

இரண்டாம் வகையினர் நம்முடைய அணியிலேயே உள்ளவர்கள். "சோற்றுக்கும் வீட்டுக்கும் போராடும் மக்களிடம் உதைபந்தாட்டத்தைப் பற்றிப் பேசுவதா?" என்று கேட்பார்கள். நேர்மையான கேள்வி, நேர்மையாகவே விடை கூறுவோம். சோற்றுக்குப் பிறகே ஆட்டம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நீர் வடியாத மைதானமும் நீர் வடியாத வயலும் இரண்டு பிரச்சினைகள் அல்ல. வாய்க்காலைத் தூர்வாராத நிர்வாகமே திடலையும் மூழ்கடிக்கிறது. மேலும், உழைப்பவன் மகனுக்கு ஓய்வும் விளையாட்டும் உரிமையல்ல, சலுகையே என்று ஒப்புக்கொண்டால், அவனை வெறும் இரு கைகளாகவே காணும் முதலாளியின் கண்ணையே நாமும் இரவல் வாங்கியவர்களாவோம்.

என்ன செய்யவேண்டும்? வானத்தை மாற்றும்படி எவரும் கேட்கவில்லை. வடக்குக் கிழக்கிலே விலகல் முறை ஆட்டங்களை மாரிக்கு முன்னர் முடிக்கவேண்டும். கச்சான் வீசும் வெயிற்காலத்தில் மாலைப்பொழுதிலே ஆடலாம். அகில இலங்கைச் சுற்றுகளின் நாட்களைத் தீர்மானிக்கும் மேசையில், இரு பருவக்காற்றின் கீழ் வாழும் ஆசிரியர்களுக்கும் இடம் வேண்டும். திடலின் நடுவைச் சற்று உயர்த்தி, நான்கு புறமும் வடிகால் வெட்டுவது பெருஞ்செலவான பொறியியல் அன்று. வரம்பு கட்டத் தெரிந்த எந்த விவசாயியும் இதனை அறிவான். மாவட்டந்தோறும் பாடசாலைகள் இரவல் பெறத்தக்க பொதுச் சப்பாத்துச் சேமிப்பு வேண்டும். ஆடத்தகாத தரையில் ஆட்டத்தை நிறுத்தும் அதிகாரம் மத்தியஸ்தருக்கு விதியிலேயே உண்டு. விருந்தினர் மேடையில் காத்திருப்பதற்காக அவர் அதனைக் கைவிடலாகாது.

ஒத்திவைத்தால் போட்டியின் மானம் போய்விடும் என்பார்கள். 1962-63 மாரியில் இங்கிலாந்து உறைந்தபோது, அந்நாட்டின் புகழ்பெற்ற சங்கக்கிண்ணப் போட்டியின் மூன்றாம் சுற்றை முடிக்க 66 நாட்கள் சென்றன. இறுதியாட்டமே மே 25 வரை தள்ளிப்போயிற்று. கிண்ணத்தின் மானம் குறையவில்லை. உதைபந்தாட்டத்தை உலகுக்குக் கற்பித்தவர்கள் 66 நாட்கள் காத்திருந்தார்கள். மகாவலி வடியும்வரை சில வாரங்கள் காத்திருக்க நம்மவர்க்கு இயலாதா?

ஆசிரியத் தோழர்களே, மாணவ நண்பர்களே! அடுத்த போட்டி அட்டவணை உங்கள் பாடசாலைக்கு வரும்போது, எதிரணி யார் என்று பார்க்குமுன் திகதியைப் பாருங்கள். அது மாரியில் விழுந்தால், தோற்றபின் அல்ல, அன்றே எழுதுங்கள். தனித்தனியாக அல்ல, மூதூர், கிண்ணியா, வெருகல், சேருவில் என்று தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒருங்கே கையெழுத்திட்டு எழுதுங்கள். மகாவலி வெள்ளம் இனம் பார்த்து ஏறுவதில்லை. விதிப்படி எழுதப்படாத முறைப்பாடு குப்பைக்கூடைக்கே போகும் என்பதைக் கொஸ்ரா ரிக்கா நமக்குக் காட்டியிருக்கிறது. ஆகவே விதியைப் படித்து எழுதுங்கள். மழை எவருடைய பக்கத்தையும் சேர்ந்ததன்று. அதனை ஒரு பக்கத்துக்குச் சேர்த்துவைப்பவர்கள் மனிதர்கள். மனிதர் போட்ட கோட்டை மனிதரால் அழிக்கவும் முடியும்.