கரையில் கழற்றி வைத்த ஆடைக்குக் காவல் யார்?

நிர்வாணக் கடற்கரை என்றதும் நம்மவரில் பலர் முகம் சுளிப்பர். ஏனையோர் நமட்டுச் சிரிப்புச் சிரிப்பர். அத்தகைய கடற்கரைகள் சரியா, தவறா என்பதைப் பற்றி எழுத நான் வரவில்லை. ஆடையைக் களைந்து நீரில் இறங்கும் ஒருவர், அதனையும் உடைமைகளையும் யாரை நம்பி விட்டுச் செல்கிறார் என்பதே எனது கேள்வி.

2020 ஆகஸ்ட் மாதம், நிர்வாணக் குளியலுக்குப் பெயர்பெற்ற பேர்லின் நகரின் ஏரியொன்றின் கரையில், ஒருவரின் மடிக்கணினி இருந்த பையைக் காட்டுப்பன்றியொன்று கவ்விச் சென்றது. அவர் அம்மணமாகவே துரத்தி அதனை மீட்டார். படத்தைக் கண்டு உலகமே சிரித்தது. ஆனால், பையைப் பறித்தது ஒரு மனிதனாக இருந்து, அவன் பெருந்தெருவுக்குள் ஓடியிருந்தால்? துரத்துபவர் காட்டின் எல்லையிலேயே நின்றிருப்பார். அமெரிக்காவின் மயாமி அருகேயுள்ள ஹோலோவர் கடற்கரையிலும் ஆடையின்றி இருப்பதற்குக் குறித்த ஒரு பகுதிக்குள் மட்டுமே அனுமதியுண்டு. திருடனுக்கோ எல்லை எதுவுமில்லை. பணம் போனால் மீண்டும் உழைக்கலாம். ஆடை போனால் வீடு திரும்பும் வழியே அடைபட்டுவிடும்.

இந்த அச்சம் புதியதல்ல. நீராடச் சென்ற பெண்களின் துகில்களைக் கண்ணன் கவர்ந்துகொண்டதை ஆண்டாள் நாச்சியார் திருமொழியில் பாடியிருக்கிறார். கண்ணனிடம் கெஞ்சிக் கேட்கலாம். இன்றைய திருடனிடம் யார் கேட்பது?

ஆகவே, கடவுச்சீட்டையும் நகையையும் தங்குமிடத்திலேயே விட்டுச் செல்வது நல்லது. சப்பாத்துக்குள்ளும் துவாய்க்கு அடியிலும் திறப்பை ஒளிப்பதில் பயனில்லை. திருடன் முதலில் தேடுவது அங்கேதான். திறப்பையும் சிறிது பணத்தையும் நீர்புகாப் பையிலிட்டுக் கழுத்தில் அணியலாம். மாற்றுடை ஒன்றை வேறாக வைப்பதும் உதவும். கைத்தொலைபேசியைக் கொண்டு செல்லாதிருப்பதே உத்தமம். அது களவுபோகக்கூடிய பொருள் மட்டுமல்ல. அத்தகைய இடத்தில் அயலவரை அச்சுறுத்தும் கமராவும்கூட.

எனினும், இவை அனைத்திலும் மேலான காவலொன்று உண்டு. தோமஸ் மொரியாற்றி என்ற உளவியலாளர், நியூயோர்க்கின் ஜோன்ஸ் கடற்கரையில் நடத்திய பரிசோதனையை 1975 இல் வெளியிட்டார். அது ஆடையணிந்தோர் கூடும் சாதாரண கடற்கரைதான். வானொலிப் பெட்டியொன்றைத் "திருடி"ச் செல்வதுபோல நடித்தபோது, அருகிலிருந்த 20 பேரில் 4 பேரே தடுக்க முற்பட்டனர். "என் பொருட்களைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று முன்கூட்டியே கேட்டிருந்தபோதோ, 20 பேரில் 19 பேர் தடுத்தனர்.

மனிதர் கெட்டவரல்லர், கேட்கப்படாதவர்கள். ஆடையின்றி அருகே இருப்பவரிடம் பேசக் கூச்சமாயிருக்கலாம். ஆனால், அவரும் தமது ஆடையை அதே கரையில்தான் விட்டிருக்கிறார். கூச்சத்தை விட்டுக் கேட்கும் அந்த ஒரு வார்த்தை, எந்தப் பூட்டையும் விட வலியது என்பது எனது துணிபு.