மஞ்சள் கடுதாசிக்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

‘மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டான்’ என்பது நம் ஊர்களில் ஒரு வசை. தன்னால் கடனைத் தீர்க்க இயலாது என்று நீதிமன்றத்தில் மனுச் செய்யும் சட்டபூர்வமான வழியைத்தான் அப்படி இழித்துப் பேசுகிறோம். பெருநிறுவனம் நொடித்தால் ‘தீர்வு நடவடிக்கை’. உப்பளத் தொழிலாளி நொடித்தால் மானக்கேடு.

மரக்காணம் உப்பளங்களில் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் வேலை நின்றுவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது பாத்திகள் முற்றாக நீரில் மூழ்கின. மழைக்கால உதவியாக மாநில அரசு வழங்கும் 5,000 ரூபாய், வேலையற்ற மாதங்களுக்குப் போதாது. மீதியைக் கடன்தான் நிரப்புகிறது: முதலாளியின் முன்பணம், குழுக்கடன், கந்துவட்டி. இம்மூன்றையும் சட்டம் ஒன்றாகப் பார்ப்பதில்லை. நாமும் அவ்வாறு பார்க்கக் கூடாது.

2016ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் சட்டத்தொகுப்பு, ஏழைக் கடனாளிக்குப் ‘புதுத்தொடக்கம்’ என்றொரு வழியை எழுதிவைத்தது. ஆண்டு வருமானம் ரூ.60,000, சொத்து ரூ.20,000, தள்ளுபடிக்குரிய கடன் ரூ.35,000 ஆகிய வரம்புகளைத் தாண்டாதவரே விண்ணப்பிக்கலாம். சொந்த வீடும் இருக்கக் கூடாது. சேரியில் ஒரு தொகுப்பு வீடு சொந்தமாக இருந்தாலே தகுதி போயிற்று! அதுவும் ஏட்டளவில்தான். தனிநபர் தொடர்பான அப்பகுதி, 2019 டிசம்பர் 1 முதல், நிறுவனக் கடன்களுக்குத் தனிப்பட்ட பிணை நின்றவர்களுக்காக மட்டுமே நடைமுறைக்கு வந்தது. வங்கிகள் வசூலிப்பதற்கு வேண்டிய பகுதி விழித்துக்கொண்டது. ஏழைக்கு வேண்டியது உறங்குகிறது.

ஆகவே, மரக்காணத்தாருக்கு எஞ்சியிருப்பது 1920ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமே. கடன் 500 ரூபாயை எட்டினாலே கடனாளி மனுச் செய்யலாம். நொடித்தவர் என நீதிமன்றம் அறிவித்தபின், அதன் அனுமதியின்றிக் கடன்காரர் தனியே வழக்குத் தொடர முடியாது. பிறகு விடுவிப்பு ஆணை கோரலாம். ஆனால் அந்த ஆணை, உடன் கடன்பட்டவரையோ பிணை நின்றவரையோ விடுவிக்காது. கூட்டுப்பொறுப்பில் பெற்ற குழுக்கடனில் ஒரு பெண் விடுபட்டால், சுமை அண்டை வீட்டுப் பெண்களின் தலையில் இறங்கும். இதைச் சொல்லாமல் எவரையும் மனுவில் கையெழுத்திட வைப்பது அறமன்று.

இவற்றுக்கெல்லாம் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு: இது சட்டப்படி கடன்தானா?

முன்பணம் எல்லாமே கொத்தடிமைக் கடன் ஆகிவிடாது. ஆயின், அதைப் பெற்றவர் வேறு அளத்துக்குப் போக முடியாமல், பெயரளவுக் கூலிக்கு உழைத்துக் கழிக்க நேர்ந்தால், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டப்படி அக்கடனைத் திருப்பிச் செலுத்தும் பொறுப்பே அற்றுப்போகிறது. கொத்தடிமைக்கான காரணங்களுள் ஒன்றாகச் சாதியில் பிறந்ததையும் அச்சட்டம் குறிப்பிடுகிறது. அது கொத்தடிமைக் கடன் அன்று என்று மெய்ப்பிக்கும் சுமை கடன் கொடுத்தவருடையது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று உச்ச நீதிமன்றம் 1982இல், ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் கூறியது. தலித் ஒருவரை இப்படிக் கட்டிவைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் குற்றம். இல்லாத கடனை நொடிப்பு மனுவின் பட்டியலில் சேர்ப்பது, அதை நாமே ஒப்புக்கொள்வதாகிவிடும்.

கந்துவட்டிக்கு 2003ஆம் ஆண்டின் தடைச்சட்டம் இருக்கிறது; மூன்றாண்டு வரை சிறை. நுண்கடன் வசூலிப்போர் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொல்லை தரக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி. பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைச் சிறைப்படுத்த முடியாது. தொழிலாளியின் கூலியையும் அவர் குடியிருக்கும் சொந்த வீட்டையும் பொதுவாகச் சப்தி செய்ய முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்லும் இச்செய்தி வசூலுக்கு வருவோருக்கும் தெரியும். தெரியாதவர்கள் நம் மக்கள்தாம்.

பட்டியல் சாதியினருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு. விழுப்புரம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் அதைக் கோரலாம். கொத்தடிமை விடுவிப்புச் சான்றுக்கான மனு திண்டிவனம் சார் ஆட்சியருக்குச் செல்ல வேண்டும். முன்பணம் பெற்ற நாள், தொகை, பெற்ற கூலி, கழித்த தொகை ஆகியவற்றைக் குடும்பவாரியாக எழுதிவைக்கும் வேலையைக் கல்லூரி மாணவர்கள் இந்த மழைக்கு முன்பே தொடங்கலாம்.