பனியில் வண்டியும் பறவையும்: சண்டை தேவையா?

குளிர்கால விடுமுறைக்குப் பனிமலைக்குப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு கூட்டம் பைனாகுலரோடு போகும். இன்னொரு கூட்டம் ஸ்னோமொபைலில் ஏறி ஆக்சிலேட்டரை முறுக்கப் போகும். முதல் கூட்டத்துக்கு அமைதி வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்கு வேகம் வேண்டும். ஒரே பயணத்தில் இரண்டும் சாத்தியமா?

சாத்தியம்தான். அதற்கு நல்ல உதாரணம் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா.

1872ல் உருவான இந்தப் பூங்காவில் குளிர்காலம் வந்தால் பெரும்பாலான சாலைகள் கார்களுக்கு மூடப்படும். வடக்கே ஒரு சாலை மட்டும்தான் விதிவிலக்கு. மற்ற இடங்களுக்குப் போக ஸ்னோமொபைல், அல்லது பலரை ஏற்றிச் செல்லும் ஸ்னோகோச். ஆகவே இங்கே பனிவண்டி என்பது வெறும் விளையாட்டுச் சாமான் அல்ல. உள்ளே இருக்கும் பறவையைப் பார்க்கவும் அதுதான் வழி.

பனிக்காலத்தில் அங்கே என்ன பறவை இருக்கும் என்று கேட்கலாம். பூமிக்கடியிலிருந்து வரும் வெந்நீர் கலப்பதால் ஃபயர்ஹோல், மேடிசன் போன்ற ஆறுகள் முழுவதும் உறைவதில்லை. சுற்றிலும் எல்லாம் உறைந்து கிடக்க, இந்த ஆறுகளில் மட்டும் தண்ணீர் ஓடும். டிரம்பெட்டர் அன்னங்கள், கோல்டன்ஐ வாத்துகள், வெண்தலைக் கழுகுகள் எல்லாம் அங்கேதான். டிப்பர் என்ற சின்னப் பறவை அந்தக் குளிரிலும் தண்ணீருக்குள் முங்கி, ஆற்றின் அடியில் நடந்து பூச்சி பிடிக்கும்!

அண்டங்காக்கைகள் இன்னும் கெட்டிக்காரர்கள். நிறுத்தி வைத்த ஸ்னோமொபைலின் பையில் ஜிப்பைத் திறந்து சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடும். வண்டிக்கும் பறவைக்கும் உள்ள உறவில் இது ஒன்றுதான் பறவைக்கு லாபம் :-)

மற்ற பறவைகளுக்கு நஷ்டம்தான். குளிர்காலத்தில் அன்னத்தின் உடம்பில் இருக்கும் கொழுப்பு நம் வங்கி சேமிப்பு மாதிரி. வரவு குறைவு, செலவு அதிகம். ஒவ்வொரு முறை மிரண்டு பறக்கும்போதும் சேமிப்பிலிருந்து கொஞ்சம் போகும். பணம் கட்டிப் போகிறவனுக்கு ஐந்து நிமிட சந்தோஷம், கட்டணத்தில் சேராத செலவு பறவையின் கணக்கில். பொருளாதாரப் புத்தகத்தில் "புறச்செலவு" என்று படிக்கிறோமே, அது இதுதான். 1930களின் தொடக்கத்தில் அலாஸ்கா நீங்கலான அமெரிக்காவில் எண்ணித் தெரிந்த டிரம்பெட்டர் அன்னங்கள் 70க்கும் குறைவு. 1935ல் பூங்காவுக்குப் பக்கத்தில் ரெட் ராக் லேக்ஸ் சரணாலயம் அமைத்துத்தான் அவற்றைக் காப்பாற்றினார்கள். அப்படித் தப்பிய இனத்தை நம் பொழுதுபோக்குக்காக விரட்டலாமா?

1963ல் முதன்முதலாக ஸ்னோமொபைல்கள் பூங்காவுக்குள் வந்தன. 1990களில் நெரிசலான நாட்களில் ஆயிரம் வண்டிகளுக்கு மேல் நுழைந்தன. பழைய டூ ஸ்ட்ரோக் என்ஜின்கள், எரியாத பெட்ரோலையும் சேர்த்துத் துப்பும். மேற்கு நுழைவாயிலில் டிக்கெட் கொடுக்கும் ஊழியர்களின் அறைக்குள் நல்ல காற்றைக் குழாய் வைத்துச் செலுத்த வேண்டி வந்தது!

2001 ஜனவரியில், படிப்படியாக ஸ்னோமொபைலுக்குத் தடை என்று விதி வந்தது. ஆட்சி மாறியதும் முடிவும் மாறியது. வாஷிங்டன் நீதிமன்றம் ஒன்று சொன்னது, வயோமிங் நீதிமன்றம் வேறு சொன்னது. இந்த இழுபறி முடிய 2013 ஆனது.

இந்த இழுபறியில் அடிபட்டது பறவைகள் மட்டுமா? வெஸ்ட் யெல்லோஸ்டோன் என்ற சின்ன ஊரில் ஓட்டல்காரர், வண்டி வாடகைக்கு விடுபவர், வழிகாட்டி எல்லாருக்கும் குளிர்கால வருமானம் இதுதான். "தடை போடு" என்று தூரத்திலிருந்து சொல்வது சுலபம். அந்த ஊர்க்காரரின் அடுப்பு எரிய வேண்டாமா?

2013ல் வந்த விதி இரண்டு பக்கத்தையும் பார்த்தது. ஒரு நாளைக்கு அதிகபட்சம் 50 ஸ்னோமொபைல் குழுக்கள். ஒரு குழுவில் 10 வண்டிக்கு மேல் கூடாது, பருவம் முழுவதற்கும் சராசரி 7. வழிகாட்டி கட்டாயம். புகையும் சத்தமும் குறைந்த வண்டிக்குத்தான் அனுமதி. சாலையை விட்டு இறங்கக் கூடாது.

"இதில் என்ன ஜாலி இருக்கிறது?" என்று வேகப் பிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வேகம் மட்டும் வேண்டுமானால் பூங்காவுக்கு வெளியே தனிப் பாதைகள் இருக்கின்றன. பூங்காவுக்குள் வருகிறவர் விலை கொடுப்பது வேகத்துக்கு இல்லை, காட்சிக்கு. அன்னம் பறந்துபோன ஆற்றைப் பார்க்க யார் வருவார்கள்? பறவை ஆர்வலர்களும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த வண்டி இல்லாவிட்டால் அவர்களில் பலர் அந்த ஆற்றங்கரையை எட்டிக்கூடப் பார்த்திருக்க முடியாது.

ஆக, தடை வேண்டாம், தாராளமும் வேண்டாம். எண்ணிக்கைக்கு உச்சவரம்பு, என்ஜினுக்குத் தரம், கூடவே வழிகாட்டி. இந்த மூன்றும் இருந்தால் பனிமலை எதுவானாலும் இரண்டு கூட்டமும் ஒன்றாகவே போகலாம். போகிறவர்கள் ஒன்றை மட்டும் செய்தால் போதும்: ஆறு தெரிந்ததும் தள்ளியே நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுப் பாருங்கள். கூடவே பையின் ஜிப்பின் மேலும் ஒரு கண் இருக்கட்டும்!